பழைய கேமரா, புதுச் சண்டை

நேயர்களுக்கு வணக்கம். ஆன்லைனில் பழைய பொருள் வாங்கி அதில் தகராறு வந்தால் எப்படிப் பேசித் தீர்ப்பது என்று சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த பழைய பொருள் ஒன்றே ஒன்றுதான், ஃபிலிம் கேமராவும் அதன் லென்ஸ்களும். அதை வைத்தே பேசிவிடுகிறேன். நீங்கள் பழைய கிட்டார் வாங்குபவராக இருக்கலாம், மீன் தொட்டி மோட்டார் வாங்குபவராக இருக்கலாம், சண்டை வருகிற விதம் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

யாஷிகா எலக்ட்ரோ 35 என்று ஒரு ஜப்பான் கேமரா, 1966இல் வந்தது. இன்றைக்கும் நிறைய வீட்டுப் பரணில் தோல் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பையன் ஒருவர், கல்லூரி மாணவர், கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் இதை 3,500 ரூபாய்க்கு வாங்கினார். விளம்பரத்தில் ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று போட்டிருந்தது. பார்சல் வந்தது, பிரித்தார், பேட்டரி போட்டார், வெயிலில் வைத்தாலும் இருட்டில் வைத்தாலும் ஷட்டர், அதாவது ஃபிலிமில் வெளிச்சம் படத் திறந்து மூடும் கதவு, ஒரே மாதிரிதான் அடிக்கிறது. உடனே ஃபோனை எடுத்து, “சார் இது ஃபிராடு வேலை, பணத்தை இன்னைக்கே அனுப்பலைன்னா குரூப்ல போட்டுடுவேன்” என்று தட்டிவிட்டார். அந்தப் பக்கம் பெரியவர் அவரை பிளாக் செய்துவிட்டார். அதற்கப்புறம்தான் விஷயம் என்னிடம் வந்தது.

இப்போது இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கேளுங்கள், ஏனென்றால் சண்டையின் முழுக் காரணமும் அதற்குள்தான் இருக்கிறது. எலக்ட்ரோ 35க்கு ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ். பேட்டரியே இல்லாவிட்டாலும் பட்டனை அமுக்கினால் ‘க்ளிக்’ என்று அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 நொடி வேகத்தில் மட்டும்தான். அதற்கான 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை, ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி அலுமினியத் தாளைச் சுருட்டி இடைவெளியை அடைத்துத்தான் ஓட்டுகிறோம். பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. பட்டனை அமுக்கினார், சத்தம் வந்தது, வேலை செய்கிறது என்று எழுதினார். அப்புறம் உள்ளே ஒரு சின்ன ரப்பர் பேட் உண்டு, வருஷக்கணக்கில் கிடந்தால் அது நைந்து உதிர்ந்துவிடும், உதிர்ந்தால் கேமராவின் மூளை குழம்பிவிடும். பேட் நன்றாக இருந்தால் லிவரைத் தள்ளி ஃபிலிமைச் சுற்றும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பையனிடம் ஃபோனிலேயே லிவரைத் தள்ளச் சொன்னேன். அந்த ‘டக்’ வரவில்லை.

ஆக, பெரியவர் பொய் சொல்லவில்லை, பையன் சொன்ன குறையும் உண்மைதான். இரண்டு பேரும் ஒரே கேமராவை இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. கடைசியில் பெரியவர் 1,200 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், பையன் கேமராவைத் தானே வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த இடத்துக்கு வர, முதல் மெசேஜில் இருந்த ‘ஃபிராடு’ என்ற வார்த்தையைச் சமாதானம் செய்யவே நான்கைந்து ஃபோன் பேச வேண்டியிருந்தது.

என் அனுபவத்தில் பார்சலைப் பிரித்த அரை மணி நேரத்தில் நீங்கள் அனுப்பும் முதல் மெசேஜ்தான் பாதி வழக்கைத் தீர்மானிக்கிறது. அதைக் கேள்வியாக எழுதுங்கள். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்: “வணக்கம் சார். கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது, பேக்கிங் நன்றாக இருந்தது. பேட்டரி போட்டுப் பார்த்தேன், வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி ஷட்டர் மாறவில்லை, வீடியோ அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் இருந்தபோது பேட்டரி போட்டுப் பார்த்தீர்களா? இன்றைக்கு ஏழு மணிக்கு மேல் ஐந்து நிமிடம் பேச முடியுமா?” இதில் இன்னும் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, கவனித்தீர்களா? எதிராளிக்கு ‘ஐயோ, அதை நான் பார்க்கவே இல்லையே தம்பி’ என்று சொல்ல ஒரு வழி திறந்திருக்கிறது. முதல் வரியிலேயே அவரைத் திருடன் ஆக்கிவிட்டால், அவர் தன் மானத்தைக் காப்பாற்றுவாரா உங்கள் பணத்தைப் பற்றி யோசிப்பாரா?

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சோதித்து வரும் இந்தச் சண்டை லென்ஸில் இன்னும் அதிகம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சகஜம், பீரோவுக்குள் தோல் உறையோடு வைத்தால் சீக்கிரமே பிடிக்கும். அதைச் சும்மா கண்ணால் பார்த்தால் தெரியாது. பின்பக்கமாக டார்ச் அடித்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுக்கத் திறந்து, சாய்த்துப் பார்த்தால்தான் சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரியும். விற்பவர் பகல் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து ‘கண்ணாடி சுத்தமாக இருக்கிறது’ என்று போடுகிறார், வாங்கியவர் இரவு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு கொதிக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், டார்ச் அடித்தால் எந்தப் பழைய லென்ஸிலும் தூசி தெரியும், நாலு தூசிக்குப் பணம் திரும்பக் கேட்பது நியாயம் இல்லை. அந்த லென்ஸுக்கு நாற்பது வயது ஆகிறது. நாற்பது வயதில் நமக்கு மட்டும் எல்லாம் சரியாகவா இருக்கிறது?

சரி, பேசியாகிவிட்டது, குறை உண்மை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. இனிமேல்தான் பணம். இங்கே நிறைய பேர் மரியாதை என்றால் குழைவது என்று நினைத்துக்கொண்டு, “ஏதாவது பார்த்துச் செய்யுங்க சார்” என்று விட்டுவிடுகிறார்கள். பார்த்துச் செய்ய அவருக்கு எதுவும் தோன்றாது. நீங்கள் ஒரு தொகை சொல்ல வேண்டும், அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். கேமரா ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், அவர் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தால் அதை அப்படியே அனுப்புங்கள். “சரிசெய்ய 1,500 கேட்கிறார், பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நான் கேமராவை வைத்துக்கொள்கிறேன், அது முடியாதென்றால் கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன், அனுப்பும் கொரியர் செலவு என்னுடையது, முழுப் பணத்தையும் அனுப்பிவிடுங்கள்.” இரண்டு வழி கொடுத்து, தேர்ந்தெடுப்பதை அவரிடம் விட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். விளம்பரத்துக்கு நேர்மாறான பொருள் வந்திருந்தால் கொரியர் செலவையும் அவரிடமே கேளுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று ஒரு நாளும் குறித்துவிடுங்கள்.

ஃபோனில் பேசி முடித்ததும், பேசியதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். ‘நீங்கள் 750 அனுப்புகிறீர்கள், நான் கேமராவை வைத்துக்கொள்கிறேன்’, அவரும் ‘சரி’ என்று போட்டுவிட்டால் போதும். மறதிதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

இது முடியும்வரை தயவுசெய்து ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி நீங்களே பூஞ்சையைத் துடைத்துவிட்டு அப்புறம் குறை சொன்னால், கழற்றியதால்தான் கெட்டது என்று அவர் சொல்லலாம், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், வெட்டாமல் ஒரே ஓட்டமாக, அதில் கேமராவின் சீரியல் நம்பரும் தெரியட்டும். திருப்பி அனுப்பியது தன்னுடைய கேமராவே இல்லை என்று சொல்லும் விற்பனையாளரும் உண்டு, வேறு உடைந்த கேமராவைத் திருப்பி அனுப்பும் வாங்குபவரும் உண்டு. இரண்டு பேருக்கும் அந்த நம்பர்தான் சாட்சி.

குரூப்பில் போடுவதைப் பற்றி. ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டவுடன் ஐம்பது பேர் நெருப்பு எமோஜி போடுவார்கள், மனதுக்கு இதமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான் அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க இருந்த ஒரே காரணமாக இருந்திருக்கலாம். பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், இனி அவர் எதற்குக் கொடுக்க வேண்டும்? குரூப்பை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள், இரண்டு பக்கத்தையும் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கோபத்தில் எழுதும்போது ‘ப்ரோ’ போட்டால் அது மிரட்டல் மாதிரியே கேட்கிறது, ‘சார்’ போட்டால் நக்கல் மாதிரி கேட்கிறது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை, அந்த நேரத்தில் எழுதாமல் மறுநாள் காலையில் எழுதுங்கள் என்பதைத் தவிர.

இவ்வளவும் குறை உள்ள பொருளை விற்ற மனிதருக்கு. பொருளே இல்லாமல் பணம் பறிக்கிறவனிடம் இந்த மரியாதை எல்லாம் வேண்டாம். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் ஆகிவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்று அடையாள அட்டை ஃபோட்டோவை அனுப்புவது வெகு நாளாக ஓடும் பழைய நாடகம். வீடியோ காலில் கேமராவைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டான். நீங்கள் விற்பவராக இருந்தால் பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வான். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், பின் போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே இருக்காமல் உடனே 1930க்கு ஃபோன் செய்யுங்கள், சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் பொருள் விற்பனைக்கான சட்டமும் 1930ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதில் 16ஆம் பிரிவு, பொதுவாகப் பொருளின் தரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்கிறது, சில விதிவிலக்குகளோடு. 15ஆம் பிரிவு, விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. நம் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. நுகர்வோர் நீதிமன்றம் போகிறேன் என்று மிரட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவர்களைக் குறிவைத்தது. பரணில் கிடந்த ஒரே ஒரு கேமராவை விற்கும் பெரியவரை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம். பழைய கேமரா விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடை என்றால் விஷயம் வேறு, அப்போது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

அந்த 15ஆம் பிரிவை வைத்துத்தான் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைத் தெரியாது என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். ‘பட்டனை அமுக்கினால் சத்தம் வருகிறது, பேட்டரி போட்டுப் பார்க்கவில்லை, ஃபிலிம் போட்டுப் பார்க்கவில்லை, டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.’ விலை ஐந்நூறு ரூபாய் குறையும். குறையட்டும். அப்படி எழுதிய கேமராவை வாங்கிவிட்டு யாராவது சண்டைக்கு வந்தால், அந்த விளம்பரத்தையே எடுத்து அனுப்பி “தம்பி, நான் முதலிலேயே எழுதியிருந்தேனே” என்று நிதானமாகச் சொல்லிவிடலாம். நன்றி, வணக்கம்.