988 சீசீ டர்போ ஹட்ச்பேக்: மலைநாட்டு ஏற்றத்தில் அது எப்படி வேலை செய்கிறது?

[காட்சி: புசல்லாவையைத் தாண்டிய ஏற்றம். தேயிலை மலைக்கு நடுவே வளைந்து ஏறும் கார், பின்னால் இருந்து.]

கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதை இது. கம்பளை கடல்மட்டத்தில் இருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியா 1868 மீற்றர். நடுவில் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1400 மீற்றர். காருக்குள் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையப் பைகள். ஒரு லீற்றர் கூட இல்லாத எஞ்சின் இந்தச் சுமையோடு திணறாமல் ஏறுகிறது. எப்படி ஏறுகிறது, எந்த இடத்தில் பழுதாகிறது, அதை நாம் எப்படித் தடுக்கலாம்? இவ்வளவும் இந்த வீடியோவில் இருக்கிறது.

[காட்சி: முன்பக்க மூடி திறக்கப்படுகிறது. எஞ்சின் மேலிருந்து.]

உதாரணத்துக்கு எடுத்திருப்பது பத்தாம் தலைமுறை ஹொண்டா சிவிக் ஹட்ச்பேக், 1.0 டர்போ. நம்முடைய நாட்டில் எஃப்கே6 என்றால் உடனே புரியும். இங்கிலாந்தின் சுவிண்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. மூன்று சிலிண்டர், 988 சீசீ, 129 குதிரைவலு. டிக்கியின் கொள்ளளவு 478 லீற்றர். ஒரு குடும்பத்தின் பொங்கல் பயணத்துக்குத் தாராளம். இலங்கையில் வாகன வரி சீசீ கணக்கில் ஏறுவதால், ஆயிரத்துக்குள் அடங்கும் எஞ்சினுக்கு வரி குறைவு. இந்தக் கார் இவ்வளவு பேரிடம் வந்து சேர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

இந்த வகை எஞ்சினைப் பிரபலமாக்கியது ஃபோர்ட். 2012இல் ஃபோகஸ் காரில் வந்த அதன் 999 சீசீ ஈகோபூஸ்ட், 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. சிறிய எஞ்சின், சிலிண்டருக்குள்ளேயே பெற்றோலைப் பீச்சும் நேரடிப் பீச்சல், டர்போ ஆகிய மூன்றையும் சேர்க்கும் அதே வழியில் பிறகு பலரும் போனார்கள்.

[காட்சி: டர்போவின் வெட்டுப் படம். இரண்டு சக்கரங்கள், நடுவில் ஒரு தண்டு.]

டர்போ என்பது ஒரே தண்டில் மாட்டிய இரண்டு சிறு சக்கரங்கள். புகை வெளியேறும் வேகத்தில் ஒன்று சுழல, மறுமுனையில் உள்ளது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தும்போது காற்று சூடாகும்; முன்னால் இருக்கும் இன்டர்கூலர் அதை ஆற்றும். ஃபோர்டின் அந்தச் சிறு டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மலைக்கு வருவோம்.

[காட்சி: வரைபடம். கொழும்பு, ஹட்டன், நுவரெலியா. பக்கத்தில் காற்றழுத்த அளவு.]

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். நுவரெலியாவில் அது சுமார் 81. அதாவது ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. மேலே குளிர் என்பதால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடும். அதையும் சேர்த்துப் பார்த்தால், டர்போ இல்லாத எஞ்சின் கொழும்பில் தரும் வலுவில் 15, 16 சதவீதத்தை அங்கே இழக்கும். “கீழே நல்லா இழுத்த வண்டி மேலே இழுக்க மாட்டேங்குது” என்று கராஜுக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் எந்தப் பழுதும் இருக்காது. காற்றுத்தான் போதாது.

டர்போ எஞ்சின் இந்தக் குறையைச் சரிக்கட்டும். உள்ளே 200 கிலோபாஸ்கல் அழுத்தம் தேவை என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். நுவரெலியாவில் இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். புகையில் ஒரு பங்கை டர்போவுக்குப் போகாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவை எஞ்சின் கணினி இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை அதிகம் சுழல விடும். ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. டர்போவுக்கு வேலை கூடுதல், சூடும் கூடுதல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1500 கிலோ எடையோடு, நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றத்தில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, சில்லுகளில் சுமார் 15 கிலோவாட் தேவை. இருபது குதிரைவலுதான். 129 குதிரைவலு எங்கே, 20 எங்கே! ஆகவே ஏற்றத்தில் பார்க்க வேண்டியது குதிரைவலுவை அல்ல. குறைந்த சுற்றில் எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்பதைத்தான்.

[காட்சி: இரண்டு கோடுகள் கொண்ட இழுவை வரைபடம்.]

டர்போ இல்லாத ஆயிரம் சீசீ எஞ்சின் ஒன்று, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 80 நியூட்டன் மீற்றர் இழுவை தந்தாலும், அது 17 கிலோவாட்டுக்குள் நின்றுவிடும். உயரத்தில் 14 ஆகும். இதே எடையை அது இழுக்க வேண்டுமென்றால், கியரை இறக்கிக் கத்த வைக்க வேண்டும். நம்முடைய சிவிக், ஒட்டோ கியரில், 1700 சுற்றில் இருந்தே 180 நியூட்டன் மீற்றர் தரும். 2000 சுற்றில் அது ஏறத்தாழ 38 கிலோவாட். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இறம்பொடை வளைவுகளில் இந்தக் கார் சத்தமில்லாமல் ஏறுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெற்றோல் செலவு? இதில் பலருக்கு ஏமாற்றம் வரும். 1500 கிலோவை 1400 மீற்றர் உயர்த்த 20 மெகாஜூலுக்கு மேல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் உண்டு. எஞ்சின் அதில் 30 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 9.6 கிடைக்கும். ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டும் இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் எரிந்தே தீரும். டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது மாறாது. சிறிய டர்போ எஞ்சின் மிச்சம் பிடிப்பது சமதரையில், மெதுவான ஓட்டத்தில். ஃபோகஸின் ஒரு மாடல் கிலோமீற்றருக்கு 99 கிராம் காபனீரொட்சைட்டு என்ற அளவைத் தொட்டது. லீற்றருக்கு 23 கிலோமீற்றர் என்று பொருள். ஆனால் அது ஆய்வுகூட உருளையில் எடுத்த கணக்கு. அந்த உருளையில் கினிகத்தேனை ஏற்றம் இல்லை.

ஏறச் செலவழித்ததில் கொஞ்சத்தை இறங்கும்போது திரும்ப எடுக்கலாம். கியரில் வைத்து அக்சிலேட்டரை விட்டால் பெற்றோல் பீச்சுவது முழுவதும் நிற்கும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஐடிலில் ஓட, பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறக்குவது கணக்கிலும் பிழை, பாதுகாப்பிலும் பிழை. ஏறும்போது சேர்த்த அந்த 20 மெகாஜூலும் இறங்கும்போது சூடாக வெளியேற வேண்டும். எஞ்சின் அதில் பங்கு எடுக்காவிட்டால், முழுவதும் பிரேக் தட்டுகளின் தலையில்தான். சிறிய எஞ்சினுக்கு எஞ்சின் பிரேக்கும் குறைவு என்பதால் இரண்டாம் கியருக்கே போங்கள். ஒட்டோ என்றால் எஸ் அல்லது எல், உங்கள் காரில் எது இருக்கிறதோ அது.

[காட்சி: டாஷ்போர்டில் சுற்றுமானி. முள் 1400இல் இருக்கிறது. கால் அக்சிலேட்டரை அழுத்துகிறது.]

மலைநாட்டில் இந்த எஞ்சினுக்குச் செய்யும் முதல் கொடுமை இதுதான். மேல் கியரில், 1400 சுற்றில், ஏற்றத்தில் முழுதாக மிதிப்பது. டர்போவும் நேரடிப் பீச்சலும் சேர்ந்த எஞ்சினில், சுற்று குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருந்தால், தீப்பொறி வருமுன்னே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஒயில் துளிகளும் படிந்த கரியும் அதைத் தூண்டும். ஒரு தடவை பலமாக அடித்தாலே பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையலாம். கை கியர் என்றால் ஏற்றத்தில் 2000க்கும் 3000க்கும் இடையில் வைத்திருங்கள். ஒயில் வாங்கும்போது டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த அந்தத் தரம் இந்த முன்கூட்டிய பற்றலுக்கு எதிராகவும் சோதிக்கப்பட்டது.

ஒக்டேன் 95 பெற்றோல் போடுங்கள். உயரத்தில் 92 போதும் என்ற பேச்சு டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பொருந்தும். டர்போ உள்ளே அழுத்தத்தைக் குறைய விடுவதில்லையே! 92 போட்டால் கணினி தீப்பொறியைத் தாமதமாக்கும். இழுவை குறையும், நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள், மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

[காட்சி: ஒயிலில் நனைந்த பெல்ட். பக்கத்தில் விரிசல் விட்ட பழைய பெல்ட்.]

இனி இந்த வீடியோவின் மிக முக்கியமான பகுதி. வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பொருந்த இயக்குவது டைமிங் பெல்ட். சிவிக்கின் இந்த எஞ்சினில் அது ஒயிலுக்குள் நனைந்தபடி ஓடுகிறது. ஃபோர்டின் ஆரம்பகால ஒரு லீற்றர் எஞ்சினிலும், பேஜோவின் 1.2 பியூர்டெக் எஞ்சினிலும் இதே அமைப்புத்தான். சத்தம் குறைவு, உராய்வு குறைவு. ஒயில் சுத்தமாக இருக்கும்வரை நல்ல ஏற்பாடு.

நுவரெலியாக் காலையை நினைத்துப் பாருங்கள். வெளியே 10 பாகை. பிள்ளையைப் பாடசாலையில் விட இரண்டு கிலோமீற்றர், பிறகு மார்க்கட், வீடு. எஞ்சின் சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அதிகம் பீச்சப்படும். எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் கலக்கும். ஒயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போகும். சூடாகாவிட்டால் தங்கும். பெற்றோல் கலந்த ஒயிலில் பெல்ட்டின் ரப்பர் ஊறி, மிருதுவாகி, துகளாக உதிரும். துகள்கள் கீழே ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழும். முதலில் அடிவாங்குவது மெல்லிய படலத்தில் சுழலும் அந்த டர்போ தண்டு. பெல்ட்டே அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முடிந்தது.

தடுப்பது பெரிய காரியமல்ல. டிப்ஸ்டிக்கை மாதம் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் குறைவதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இங்கே கூடுவதையும் தேடுங்கள். மட்டம் ஏறி, பெற்றோல் மணமும் அடித்தால், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று பார்க்காமல் ஒயிலை மாற்றுங்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் காருக்கு 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. பத்தாயிரம் வரை இழுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாரத்தில் ஒரு நாள் ஹக்கலை வரை இறங்கித் திரும்ப ஏறுங்கள். அந்த ஏற்றத்தில் ஒயில் நன்றாகக் கொதிப்பேறும்.

[காட்சி: இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு எதிரே தேநீர்க்கடை. கார் வந்து நிற்கிறது.]

ஏறி வந்த சூட்டோடு நிறுத்தியவுடன் சாவியை அணைக்காதீர்கள். கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். தானாக அணைந்து எழும் ஸ்டொப் வசதி இருந்தால், ஏற்றம் முடியும்வரை அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தி வையுங்கள். சூடான தண்டில் நின்றுபோன ஒயில் கரியாகிப் படியும்.

சில அறிகுறிகள். சமதரையில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் குலுங்கினால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், பிறகு அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை. ‘உஸ்’ என்ற சத்தத்தோடு இழுவை குறைந்து, டர்போ அழுத்தம் போதாது என்று சொல்லும் பி0299 என்ற பழுதுக் குறியீடு வந்தால், டர்போ போய்விட்டது என்று பயப்படுமுன் இன்டர்கூலர் குழாய்களின் கிளிப்புகளைப் பாருங்கள். தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் அவை தளரும். இன்டர்கூலரின் முன்பக்கத்தில் சேறும் சருகும் அடைத்திருந்தால் மெதுவாக விடும் தண்ணீரால் கழுவுங்கள். அதிக அழுத்தம் அதன் இதழ்களை மடக்கிவிடும்.

[காட்சி: கார் உயர்த்தப்பட்டு, ஒயில் தட்டு கழற்றப்படுகிறது.]

பாவித்த கார் வாங்கப்போகிறவர்களுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த இந்தக் கார்கள் இப்போது வயது ஏறியவை. கிலோமீற்றர் குறைவு என்று மகிழ வேண்டாம். டவுனுக்குள் குறுகிய ஓட்டத்தில் கிடந்த வண்டிக்கே பெல்ட் ஆபத்து அதிகம். ஒயில் மாற்றிய திகதிகளுடன் சேவிஸ் புத்தகத்தைக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒயில் தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் அந்தக் கூலியை நீங்களே கொடுங்கள். சல்லடையில் கறுப்பு ரப்பர்த் துகள் இருந்தால், பெல்ட், ஒயில் பம்ப், உழைப்புக் கூலி மூன்றையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.