மேட்டில் 20 சென்ட்

வணக்கம், நேயர்களே.

காலையில் ஆறரை மணிக்கு வாசல் குழாயைத் திறக்கிறீர்கள். முதலில் புஸ் என்று ஒரு சத்தம், கொஞ்சம் காற்று. குழாய் இரண்டு முறை இருமும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வரும். நம் குமரி மாவட்டத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்காத வீடு அதிகம் இருக்காது. அந்தப் புஸ் எங்கிருந்து வருகிறது என்பதை 34 வருடம் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராக இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். அடுப்படியில் வேலையாக இருப்பவர்கள் அப்படியே கேட்கலாம்.

நம் பக்கத்தில் ஒரு ஊர் வளர்கிறது என்றால் முதலில் தெரிவது என்ன? ஒரு ரப்பர் தோட்டத்தை வெட்டுவார்கள். செம்மண்ணில் சாலை போட்டு, மஞ்சள் பூசிய கல்லை நட்டு, 4 சென்ட், 5 சென்ட் என்று மனை பிரிப்பார்கள். பழைய வீடுகள் இப்படி இல்லை. 40 சென்ட் விளையில், அதாவது தோட்டத்தில், வீடு நடுவில் இருக்கும், கிணறு ஒரு மூலையில், கழிப்பறை எதிர் மூலையில். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். 4 சென்டில் அது நடக்காது. உங்கள் கிணற்றிலிருந்து இருபது அடியில் அடுத்த வீட்டுக் கழிவுத் தொட்டி இருக்கும். அதனால்தான், கிணறு இருக்கிற ஊருக்கும் குழாய்த் தண்ணீர் தேவையாகிவிட்டது. ஊர் வளர்ந்த பிறகு, குழாய் என்பது வசதிக்காகக் கேட்பது இல்லை, உடம்புக்காகக் கேட்பது.

சரி. தண்ணீர்த் திட்டம் என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. நல்ல கேள்வி. ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. வந்த தண்ணீரை எங்கே வைப்பது? இதைக் கேட்க ஆள் இல்லை.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 200 பேர் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? சமையல்காரர் விடியுமுன்பே சாதம் வடித்து வைத்துவிடுகிறார். ஊர்த் தொட்டியும் அதேதான். மோட்டார் இருபது மணி நேரம் மெதுவாக ஏற்றும். ஊரோ காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் மொத்தமாகத் திறக்கும். சின்ன ஊரில் அந்த நேரத்துத் தேவை, நாள் சராசரியைப் போல மூன்று மடங்கு என்றுதான் கணக்குப் போடுகிறோம். அந்தப் பந்திக்கு வடித்து வைப்பதுதான் மேல்நிலைத் தொட்டி.

எவ்வளவு வைக்க வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், சாக்கடைத் திட்டம் இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் 1999 வழிகாட்டி சொன்னது. 40,000 பேர் உள்ள ஊருக்கு 135 என்று வைத்தால் நாளைக்கு 54 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 450 நடை. தினமும் 450 நடை. இதில் மூன்றில் ஒரு பங்காவது தொட்டியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. அது 18 லட்சம் லிட்டர், எடையில் 1,800 டன். இதுவும் இன்றைய ஆட்களுக்குத்தான். திட்டத்தை 30 வருடத்துக்குப் போட வேண்டும். மோட்டாரை 15 வருடத்தில் மாற்றிவிடலாம், கூடுதல் தொட்டிகூடக் கட்டிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதது ஒன்று உண்டு. அது தொட்டி நிற்கும் இடத்தின் உயரம்.

உயரம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்ணீருக்கு அதுதான் பலம். தொட்டியில் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடி இல்லாத வீட்டுக் குழாயில் குறைந்தது 7 மீட்டர், ஒரு மாடி வீட்டுக்கு 12 மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். தண்ணீர் குழாயில் ஓட ஓட, உராய்வில் இந்த உயரம் தேய்ந்துகொண்டே போகும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பீய்ச்சியடிக்கும் தண்ணீர் கடைசித் தெருவில் கண்ணீர் மாதிரி வருவது அதனால்தான்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியும். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். விளை என்று முடிந்தால் அது மேட்டுத் தோட்டம். ஏலா என்றால் தாழ்ந்த வயல். பள்ளம் என்றால் சொல்லவே வேண்டாம். பெருவிளையும் ஆசாரிபள்ளமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தானே. சர்வே வருவதற்கு முன்பே மேடு பள்ளத்தை வாயால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எல்லாரும் போயிருப்பீர்கள், போட்டோ எடுத்திருப்பீர்கள். காமராசர் முயற்சியில் தொடங்கி 1966-இல் முடிந்த வேலை. அடுத்த முறை போகும்போது கீழே பறளியாற்றங்கரையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். 115 அடி. பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர் ஒரு குன்றின் உயரத்தில் வருகிறது. நடுவில் பள்ளத்தாக்கு. தண்ணீரை ஆற்றில் இறக்கிவிட்டு மறுபக்கம் மோட்டார் வைத்து ஏற்றியிருந்தால் கட்டுமானம் மலிவாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. கல்குளம், விளவங்கோடு வயல்களுக்காக அந்த உயரத்தைக் கைவிடாமல், தொட்டியைத் தூக்கி நிறுத்தித் தண்ணீரை நடக்கவிட்டார்கள். மேலே பலகைக் கல்லில் நடக்கும்போது காலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஓடுகிற தண்ணீர், ஒரு யூனிட் மின்சாரம்கூட இல்லாமல் போகிறது. இத்தனை வருடமாக அப்படித்தான் போகிறது.

இப்போது நான் சேவையில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1980-களின் நடுப்பகுதி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஊர்ப் பெயர் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு 12,000 பேர் இருந்திருப்பார்கள். மேல்நிலைத் தொட்டிக்குப் பணம் வந்திருந்தது. இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று குளத்தங்கரைப் புறம்போக்கு, காசில்லாமல் கிடைக்கும். மற்றது ஊருக்கு மேற்கே ஒரு பொற்றையின், அதாவது சின்னக் குன்றின், சரிவில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளை, 20 சென்ட். சொந்தக்கார அம்மா கொடுக்கத் தயார். ஆனால் நியாயமான விலை வேண்டும்.

அந்த ஊரில் வால்வு திறக்கிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். ஒரு நாள் சாயங்காலம், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான் பிடிக்க, குளத்தங்கரையிலிருந்து மேலத்தெரு வரை வீட்டுக்கு வீடு சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே ஏறினோம். முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் 31 அடி ஏற்றம். கட்டப்போகிற தொட்டியின் தூண்கள் 40 அடி உயரம். ஆக, தொட்டியில் தண்ணீர் அடித்தட்டுக்கு வரும்போது மேலத்தெருவுக்கு மிஞ்சுவது 9 அடி. அதையும் குழாயின் நீளம் தின்றுவிடும். அண்ணாச்சி கடைசி வீட்டுப் படியைக் காலால் தட்டிக் காட்டினார். “சார், இந்தப் படி வரைக்கும் தண்ணி வரும். குடத்துக்குள்ள ஏறாது.”

நான் ஒரு குறிப்பு எழுதினேன். நிலம் வாங்க நிதி இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். நாலு பேரைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். தொட்டி குளத்தங்கரையில் எழும்பியது. வெள்ளையடித்து, வாழை கட்டி, திறப்பு விழாவும் நடந்தது.

பத்து வருடம் கழித்து அதே ஊருக்கு ஒரு வேலையாகப் போனேன். மேலத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழி. குழாயை மேலே வைத்தால் தண்ணீர் ஏறவில்லை என்று மண்ணைத் தோண்டிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். முதலில் முழங்கால் ஆழம், பிறகு இடுப்பளவு. செங்கல் கட்டிய சதுரம், உள்ளே பாசி, இறங்க ஒரே ஒரு படி. வெற்றிலைக் காம்பு கனத்தில் தண்ணீர் விழுகிறது. குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி குழிக்குள் குனிந்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்து கேட்டார்: “மக்கா, எங்களுக்கு மட்டும் ஏன் குழிக்குள்ள குழாய்?”

மழை பெய்தால் தெருத் தண்ணீர் அந்தக் குழியை நிரப்பும், குழாய் முங்கிவிடும். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகும்போது, குழியில் கிடப்பதை உள்ளே இழுக்கும். நான் தொடக்கத்தில் சொன்ன புஸ் சத்தம் இருக்கிறதே, அதற்கு முந்திய இரவு நடந்தது இதுதான். நிற்கும்போது உள்ளே இழுக்கும், வரும்போது வெளியே ஊதும். காற்றை மட்டும் இழுத்தால் பரவாயில்லை. அந்த வருடம் மேலத்தெருவில் ஆறேழு வீட்டில் மஞ்சள்காமாலை. போதாததற்குச் சிலர் குழாயிலேயே சின்ன மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மட்டும் போகாது, விரிசல் வழியாக ஓடைத் தண்ணீரும் சேர்ந்து வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்த 20 சென்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது அங்கே மாடி வீடுகள் மூன்று நிற்கின்றன. ஒவ்வொன்றின் மொட்டைமாடியிலும் ஒரு கறுப்புத் தொட்டி. ஊர்த் தொட்டி நிற்க வேண்டிய இடத்தில் அந்த மூன்று தொட்டிகள் நிற்கின்றன.

அதனால்தான் போகிற இடத்தில் எல்லாம் சொல்கிறேன்: மனை பிரிக்கும் முன்பே மேட்டைக் குறித்து வையுங்கள். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. எந்த மூலையை விடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மழைத்தண்ணீர் தேங்குகிற மூலையாக இருக்கும். பள்ளம் ஊருக்கு, மேடு விற்பனைக்கு. வார்டு கூட்டத்தில் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மேடு போனால் திரும்ப வராது.

இன்னொரு சேமிப்பும் உண்டு. மணிக்கணக்குக்கு மேல்நிலைத் தொட்டி, மாதக்கணக்குக்கு அணையும் குளமும். நாகர்கோவிலுக்கு என்றே திருவிதாங்கூர் காலத்தில் கட்டியது முக்கடல் அணை. முழு மட்டம் 25 அடி. கோடையில் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், முக்கடல் மைனஸ் இத்தனை அடி என்று போடுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார். கணக்கு தொடங்குகிற மட்டத்துக்கும் கீழே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலில் 2,24,849 பேர். அன்றைய ஊருக்குக் கட்டிய அணையால் இன்றைய ஊரை எப்படித் தாங்க முடியும்? அதனால்தான் புத்தன் அணையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வந்தது.

நமக்கு இரண்டு மழை உண்டு, கன்னிப்பூ நெல்லுக்கு ஒன்று, கும்பப்பூ நெல்லுக்கு ஒன்று. ஆனால் ஆறுகள் குட்டையானவை, மலையில் பெய்தது சீக்கிரமே கடலுக்குப் போய்விடும். பாசன அணைகளைப் பிப்ரவரி கடைசியில் அடைத்தால் ஜூனில்தான் திறப்பார்கள். பாசனச் சானல் காய்ந்தால் சானல்கரைக் கிணறும் இறங்கும். அந்த மூன்று மாதத்துக்கு ஊருக்குள் கிடக்கிற குளம்தான் கை கொடுக்கும். குளத்தை மண் போட்டு மூடிக் கட்டடம் கட்டினால் அந்த மூன்று மாதத்தின் மேல் கட்டுகிறோம்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். குடிநீர்ப் பணிமனையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரமும் மின்கம்பமும் சாய்ந்து, பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. எங்கள் தெருவில் பந்தல்காரரிடம் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து வீட்டுத் தொட்டிகளை நிரப்பினோம். ஊருக்கென்று ஒரு பணிமனை இருந்து, அதில் ஓடுகிற நிலையில் ஒரு ஜெனரேட்டர், டீசல், மாற்று மோட்டார், எல்லா அளவிலும் இரண்டிரண்டு வால்வு, குழாய், ஈரம் படாத அறையில் பிளீச்சிங் பவுடர், மரம் அறுக்கிற ரம்பம், இவ்வளவும் இருந்திருந்தால் அந்த வாடகை தேவைப்பட்டிருக்காது. பல ஊர்களில் வால்வு ஒரு கட்டடத்தில், குழாய் வேறொரு இடத்தில் வெயிலில், சாவி யாரோ ஒருவர் வீட்டில். ஒரு ஏக்கர் போதும். வெள்ளம் ஏறாத இடமாக, பெரிய லாரி திரும்புகிற அகலத்தில் வாசலோடு. அதையும் மேட்டைக் குறிக்கும்போதே குறித்துவிடுங்கள். வால்வு திறக்கிறவர் உட்கார ஒரு அறையும் அங்கே வேண்டும், சுவரில் ஊரின் குழாய் வரைபடத்தோடு. எங்கள் அண்ணாச்சி ஓய்வு பெற்றபோது அந்த ஊர்க் குழாய்கள் எங்கெங்கே திரும்புகின்றன என்பது அவர் தலையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வால்வைத் தேடி மூன்று இடத்தில் ரோட்டைத் தோண்டினார்கள்.

வணக்கம்.