புகழ்பெற்ற மலைகளுக்கு வெளியே: வீடுகளில் வாழும் தாவோயிசப் பரம்பரைகள்

[திரையில்: ஃபுஜியான் மலைக் கிராமம். ஒரு வீட்டு முற்றத்தில் பூசை மேடை.]

சீனாவின் தென்கிழக்குக் கடலோரம், ஃபுஜியான் மாகாணம். குழந்தைக்கு நோய் மேல் நோயாக வந்துகொண்டே இருந்தால், இங்குள்ள கிராமங்களில் ஒரு பூசாரியை வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கம் உண்டு. வருபவர் ஓர் ஆண். தலையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். இடுப்பில் பெண்கள் அணியும் பாவாடையைச் சுற்றிக்கொள்கிறார். எருமைக் கொம்பை எடுத்து நீளமாக ஊதுகிறார்.

இவர் மந்திரவாதியோ நாடகக்காரரோ அல்லர். ஆசானிடம் முறைப்படி தீட்சை பெற்ற, தாவோயிசம் என்ற சீன மதத்தின் பூசாரி. இவருடைய பரம்பரையின் தலைவி ஒரு பெண் தெய்வம். சடங்கு நடக்கும் நேரத்தில் அந்தத் தலைவியாகவே நின்று செயல்படுகிறார் என்பதால் அந்தப் பாவாடை.

தாவோயிசம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை வேறு. அதன் ஆதி ஞானி லாவோசி, கறுப்பும் வெள்ளையும் கலந்த வட்டம், வூடாங் மலை உச்சியில் மூடுபனிக்கு நடுவே வாள் சுழற்றும் துறவி. இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றை மட்டுமே பார்த்துவிட்டுத் தாவோயிசத்தைத் தெரிந்துகொண்டோம் என்று எண்ணினால், உயிரோடு இருக்கும் பெரும்பகுதியைத் தவறவிடுகிறோம். அந்தப் பெரும்பகுதி மலையில் இல்லை, வீடுகளில் இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து மாணவனுக்கும், கையால் படியெடுத்த ஏடுகள் வழியே அது இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வீடியோ அதைப் பற்றியது.

[திரையில்: வரைபடம். சிச்சுவான், ஜியாங்சி, பெய்ஜிங்.]

முதலில் பெரிய பாதைகள் இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கி.பி. 142. சிச்சுவானில் ஹெமிங் என்ற மலையில், தெய்வ வடிவில் லாவோசி தோன்றி ஜாங் தாவோலிங் என்பவரிடம் ஒரு புதிய உடன்படிக்கையை ஒப்படைத்தார் என்பது மரபு. அங்கிருந்து தொடங்குகிறது வானுலக ஆசான்களின் வழி. ஜாங்கும் அவருடைய வாரிசுகளும் தம் மக்களை 24 வட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள். அங்கே தீட்சை என்பது ஒரு பட்டியலைப் பெறுவது. அந்த மனிதரின் கட்டளைக்குக் கட்டுப்படும் வானுலகப் படைத்தலைவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். சிறு குழந்தைக்கு ஒரு படைத்தலைவர். வளர வளர எண்ணிக்கை கூடும். மணமான தம்பதிக்கு இருவருமாகச் சேர்ந்து 150 பேர். பூசாரிக்கு மட்டுமல்லாமல், ஊரில் எல்லோருக்கும் தீட்சை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது நமக்கு வேண்டும்.

பிற்காலத்தில் ஜாங் குடும்பம் ஜியாங்சி மாகாணத்தின் லோங்ஹூ மலையில் நிலைகொண்டது. 63ஆவது ஆசானான ஜாங் என்பு 1949இல் தைவானுக்குப் போனார், 1969இல் மறைந்தார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த 64ஆவது ஆசான் 2008இல் மறைந்ததும், அடுத்தவர் யார் என்ற வழக்கு எழுந்தது. இந்த மரபைத்தான் இன்று ஜெங்யி என்கிறார்கள். இதன் பூசாரிகள் திருமணம் செய்துகொள்ளலாம், குடும்பத்தோடு வீட்டில் வாழலாம்.

இரண்டாவது பாதை துறவிகளுடையது. 12ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் தொடங்கிய சுவான்ஜென். அவருடைய ஏழு முதன்மைச் சீடர்களில் ஒருவரான சியு சூஜி, கிழவராக இருந்தபோது மத்திய ஆசியா வழியே நெடும்பயணம் செய்து, 1222இல் இந்துகுஷ் மலைப் பகுதியில் செங்கிஸ் கானைச் சந்தித்தார். அவர் பெயரில் வளர்ந்த லோங்மென் கிளைதான் இன்று சீன மடங்களில் மிகப் பெரியது. அந்தக் கிளைக்கென ஒரு பாட்டு உண்டு. ஒவ்வொரு தலைமுறைத் துறவியும் அந்தப் பாட்டின் அடுத்த எழுத்தைத் தம் பெயரில் ஏற்றுக்கொள்கிறார். முன்பின் அறியாத இரண்டு துறவிகள் சந்தித்தால், பெயரைக் கேட்டதுமே யார் மூத்த தலைமுறை என்று தெரிந்துவிடும். பெரிய மடங்களில் ஒரு பயணி காண்பது பெரும்பாலும் இந்தத் துறவிகளைத்தான்.

நூல்களில் நிறைய எழுதப்பட்டிருப்பதும் இந்த இரண்டைப் பற்றியே. 1445இல் மிங் அரசு தாவோயிச நூல்களையெல்லாம் திரட்டி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்களாக அச்சிட்டது. அந்தப் பெருந்தொகுப்பு பெய்ஜிங்கின் வெண்முகில் மடத்தில் அழியாமல் தப்பியது. 1920களில் ஷாங்காயில் அதை மறுபதிப்புச் செய்த பிறகுதான் உலகம் அதைப் படிக்க முடிந்தது. அந்தத் தொகுப்புக்குள் வராமலே போன ஏடுகள் வீடுகளில் பெட்டி பெட்டியாக இருந்தன. நாம் பார்க்கப்போவது அந்த வீடுகளை.

[திரையில்: குத்தியென் மாவட்டம், லின்ஷுய் கோயில்.]

பாவாடை அணிந்த பூசாரியின் பரம்பரை லூஷான். அதன் தலைவி சென் ஜிங்கு. மரபுப்படி 767இல் ஃபுஜோ நகரின் அருகே பிறந்தவர். இளம்பெண்ணாக வீட்டைவிட்டுப் புறப்பட்டு லூஷான் என்ற மலைக்குப் போய், ஷூ ஷுன் என்ற மகானிடம் சடங்குக் கலையைக் கற்றார். புயலை நிறுத்தவும் மழையை வரவழைக்கவும் பேயைக் கட்டவும் கற்றுக்கொண்டார். மகப்பேற்றைக் காக்கும் முறையை மட்டும் கற்க மறுத்தார். தாம் மணமாகாதவர் என்பது அவர் சொன்ன காரணம்.

பிறகு திருமணமானது. 24 வயதில் கருவுற்றிருந்தபோது நாட்டில் கொடும் வறட்சி. மழைச் சடங்கைச் செய்ய வல்லவர் அவர் ஒருவரே. கருவைத் தம் உடலிலிருந்து வெளியே எடுத்து மறைத்துவைத்துவிட்டு, ஆற்று நீரின்மேல் நின்று ஆடினார். மழை வந்தது. ஆனால் தீய சக்தி ஒன்று அந்தக் கருவைக் கண்டுபிடித்து அழித்துவிட்டது. சென் ஜிங்குவும் உயிர்விட்டார். கற்க மறுத்த அந்த ஒரே கலை, கடைசியில் அவருக்கே இல்லாமல் போயிற்று. இனிப் பிள்ளைபெறும் எந்தப் பெண்ணையும் கைவிடுவதில்லை என்று சாகும் நேரத்தில் உறுதி பூண்டார்.

ஒரு மத மரபின் மூல ஆசான் பேறுகாலத்தில் உயிரிழந்த இளம்பெண் என்பது என்னை மிகவும் பாதிக்கிறது. மருத்துவமனைகள் இல்லாத ஆயிரம் ஆண்டுகளில், ஒவ்வொரு பிரசவ அறையிலும் இருந்த அச்சத்தை இந்தக் கதை தன் நடுவிலேயே வைத்திருக்கிறது. குத்தியெனில் உள்ள லின்ஷுய் கோயில் அவருடைய தலைமைக் கோயில். கருவையும் குழந்தையையும் காக்கும் 36 தோழித் தெய்வங்கள் அவரைச் சூழ்ந்திருப்பார்கள். குழந்தையின் வாழ்க்கையில் வரும் ஆபத்துகளை வாயில்களாகக் கட்டிவைத்து, குழந்தையை அவற்றின் ஊடே பூசாரி அழைத்துச் செல்லும் சடங்கு இந்தப் பரம்பரைக்கே உரிய சிறப்பு.

லூஷானின் மொழியும் வேறு. ஜெங்யி பூசாரி செவ்வியல் சீனத்தில் வானுலக அரசவைக்கு விண்ணப்பம் படிப்பார். லூஷான் பூசாரியோ கேட்கும் மக்களுக்குப் புரியும் பேச்சுமொழியில் கதையாகப் பாடுவார், ஆடுவார், கொம்பூதிப் படைகளை அழைப்பார். வடக்குத் தைவானில் இரண்டையும் ஒரே குடும்பம் கற்றுவைத்திருக்கிறது. செந்தலைப் பூசாரிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்கள் உயிருள்ளவர்களுக்கான சடங்குகளை மட்டுமே செய்வார்கள், சாவு வீட்டுக்கு வரமாட்டார்கள். தெற்கே தைனான் பகுதியின் கருந்தலைப் பூசாரிகள் கோயில் விழாவையும் நடத்துவார்கள், ஈமச்சடங்கையும் செய்வார்கள்.

சென் ஜிங்குவின் ஆசான் ஷூ ஷுனைப் பற்றி ஒரு வார்த்தை. அதே ஷூ ஷுனை ஜியாங்சியில் இன்னொரு பரம்பரை தன் மூலவராக வணங்குகிறது. அதன் பெயர் ஜிங்மிங். பெற்றோரிடம் பக்தியும் கடமையில் உண்மையும் இருந்தால் அதுவே தவம் என்பது அதன் போதனை. நான்சாங் நகருக்கு அருகே மேற்கு மலையில் இருக்கும் அதன் கோயிலுக்கு இன்றும் இலையுதிர்காலத்தில் ஊர் ஊராக மக்கள் திரண்டு வருகிறார்கள்.

[திரையில்: ஒரு முழம் உயரமுள்ள மரச்சிலைகள். ஒன்று தலைகீழாக நிற்கிறது.]

இப்போது உள்நாட்டுக்குப் போவோம். ஹூனான் மாகாணத்தின் நடுவில் மெய்ஷான் என்ற மலைப்பகுதி. 1072இல்தான் அப்போது சீனாவை ஆண்ட சோங் அரசு அதைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அதுவரை அது தனி உலகம். அங்கே பிறந்த சடங்கு மரபின் தெய்வம் ஜாங் வூலாங். தலை கீழே, கால்கள் மேலே, கைகளை ஊன்றி நிற்பார். வேட்டைக்காரர்களின் காவலர் அவர்.

இங்குள்ள வீடுகளில் தெய்வங்களுக்கு மட்டுமல்ல, காலமான பூசாரிகளுக்கும் முன்னோர்களுக்கும் சிறிய மரச்சிலை செய்து வழிபடுவார்கள். சிலையின் முதுகில் ஒரு குழி. அதை மூடி அடைத்திருப்பார்கள். உள்ளே மூலிகைகளும் ஒரு தாளும். எந்த ஊர், எந்த நாள், யாருக்காக, யார் வேண்டிக்கொண்டு, எந்தச் சிற்பி செதுக்கினார் என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும்.

1966 முதல் 1976 வரை மாவோ நடத்திய பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இப்படிப்பட்ட சிலைகள் ஏராளமாகத் தீக்கிரையாயின. எஞ்சியவற்றில் பல 1980களுக்குப் பிறகு பழம்பொருள் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் முதுகைத் திறந்து பார்த்தபோதுதான் ஆய்வாளர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சாதாரணக் கிராமத்தார் தம் பெயரோடு எழுதிவைத்த வேண்டுதல்கள் அவை. எந்த அரசு ஆவணத்திலும் இடம்பெறாத மனிதர்கள். குடும்பப் பீடத்தைவிட்டு அந்தச் சிலைகள் போய்விட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆயினும் இந்தத் தாள்கள் இல்லையென்றால் மெய்ஷானின் பூசாரி வழிமுறைகளை இவ்வளவு பின்னோக்கித் தொடர்ந்து போயிருக்க முடியாது.

[திரையில்: வடக்கு வியட்நாம், லாவோஸ் மலைகள். யாவோ மக்கள்.]

மெய்ஷான் மலைகள் யாவோ மக்களின் பழைய நிலம். அவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தெற்கு நோக்கி நகர்ந்து, குவாங்சி, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து எனப் பரவினார்கள். சீனர் அல்லாத இந்த மக்கள் சீனத் தாவோயிசத்தைத் தம் முழுச் சமூகத்தின் மதமாக ஏற்றார்கள். சோங் காலத்தில் தென்சீனாவில் பரவிய சடங்கு மரபுகளிலிருந்து இது அவர்களுக்கு வந்தது என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கே வருகிறது. சீனாவில் பெரும்பாலும் பூசாரிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்ட தீட்சை, யாவோ மக்களிடம் எல்லா ஆண்களுக்கும் உரியதாக நிற்கிறது. பலவிடங்களில் மனைவியும் கணவரோடு சேர்ந்து பங்கேற்று அதன் பலனைப் பெறுகிறார். முதல் படி மூன்று விளக்குகள். தீட்சை பெறுபவர் அமர்ந்திருக்க, ஆசான்கள் அவரைச் சுற்றி விளக்குகளை ஏற்றித் தொங்கவிடுவார்கள். அதன்பின் ஏழு விளக்கு, பன்னிரண்டு விளக்கு என்று உயரும். வியட்நாமில் வாழும் யாவோ மக்களிடையே, மூன்று விளக்கு பெற்றவருக்கு 36 மறையுலகப் படைவீரர்கள், ஏழுக்கு 72, பன்னிரண்டுக்கு 120. இரண்டாம் நூற்றாண்டில் சிச்சுவானில் பார்த்த அதே ஏற்பாடு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறொரு இனத்தாரிடம் இயங்கிக்கொண்டிருக்கிறது.

தீட்சை பெறாதவருக்குச் சடங்குப் பெயர் இல்லை. அந்தப் பெயர் இல்லையென்றால் இறந்தபின் முன்னோர் வரிசையில் தகுந்த இடம் இல்லை. அதனால்தான் பன்றியும் அரிசியும் வெள்ளியும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாவது குடும்பங்கள் இதை நடத்துகின்றன.

சடங்குக்கு ஓவியங்கள் வேண்டும். தாவோயிசத்தின் உச்சத் தெய்வங்களான மூன்று தூயவர்கள், வானுலகை ஆளும் பச்சைமணிப் பேரரசர், நரக நீதிபதிகள் என ஒரு முழுத் தொகுதி. கட்டடக் கோயில் இல்லாத, இடம்பெயர்ந்தபடி வாழ்ந்த மக்களுக்குச் சுருட்டித் தூக்கிச் செல்லக்கூடிய இந்த ஓவியங்களே கோயில். வரையும் நாட்களில் ஓவியர் விரதம் காப்பார். வரைந்து முடிந்ததும் தெய்வங்களைச் சடங்கு செய்து அவற்றுக்குள் அழைப்பார்கள்.

1970களில் லாவோஸ் போர் இந்த மக்களைத் தாய்லாந்து அகதி முகாம்களுக்குத் துரத்தியது. பசியில் பலர் ஓவியங்களை விற்றார்கள். தெய்வங்களைச் சடங்கோடு வெளியே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகே விற்றவர்கள் உண்டு. இன்று அந்த ஓவியங்கள் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சீன எழுத்தில் அவர்கள் எழுதிய ஏடுகள் மியூனிக், ஆக்ஸ்ஃபோர்டு, லைடன் நூலகங்களில் பெரும் தொகுதிகளாக உள்ளன. ஏடுகளையும் ஓவியங்களையும் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் கலிஃபோர்னியாவிலும் ஓரிகனிலும் குடியேறி, அங்கேயும் சடங்கைத் தொடர்ந்தன.

[திரையில்: கையெழுத்து ஏடு ஒன்றின் பக்கம்.]

நூலகத்தில் ஏடு பத்திரமாக இருக்கிறதே, மரபு பிழைத்துவிட்டதே என்று தோன்றலாம். அப்படியில்லை. தைவான் பூசாரிகளின் ஏடுகளில் சடங்கின் சொற்கள் முழுமையாக இருக்கும். எந்த இடத்தில் எந்த விரல் முத்திரை, மனத்துக்குள் எதைக் காண வேண்டும், வாய்க்குள் சொல்ல வேண்டிய சொல் எது என்பவற்றைத் தனிக் குறிப்பேட்டில் வைத்திருப்பார்கள், அல்லது ஆசான் வாயால் மட்டுமே சொல்வார். நம் சித்த வைத்திய நூல்களில் பரிபாஷை தெரியாதவர் மருந்து செய்ய முடியாததைப் போன்ற ஏற்பாடு இது. ஏட்டைத் திருடினாலும் பயனில்லை. ஆனால் மகனோ மாணவனோ கற்காமல் ஆசான் இறந்துவிட்டால், அதே பாதுகாப்புதான் மரபைப் புதைக்கும் குழியாகிறது. பண்பாட்டுப் புரட்சியில் எரிந்த ஏடுகளைவிட, அந்த ஆண்டுகளில் மாணவர் இல்லாமல் மறைந்த முதியவர்களே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. 1989இல் பெய்ஜிங் வெண்முகில் மடத்தில் சுவான்ஜென் துறவிகளுக்கான தீட்சை மீண்டும் தொடங்கியது. லோங்ஹூ மலையில் 1991இல் வெளிநாட்டுச் சீனப் பூசாரிகளுக்கும், 1995இல் உள்நாட்டுப் பூசாரிகளுக்கும் பட்டியல் வழங்கத் தொடங்கினார்கள். வீட்டில் வாழும் ஜெங்யி பூசாரிகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் 1992இல் வந்தன. லூஷானும் மெய்ஷானும் இந்தச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. பல இடங்களில் அவற்றை மதம் என்று எழுதாமல் நாட்டுப்புறக் கலை, பண்பாட்டு மரபு என்று எழுதிக் காப்பாற்றுகிறார்கள். வியட்நாமிலும் யாவோ தீட்சைக்குத் தேசியப் பண்பாட்டு மரபு என்ற இடம் கிடைத்திருக்கிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் இதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் சீனர் வீட்டு ஈமச்சடங்கு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹைனானீஸ் என்று ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் தனித்தனிப் பூசாரிகள், தனித்தனி முறைகள். சடங்கு முடிந்து அவர்கள் தேநீர் அருந்தும் நேரத்தில், எந்த ஆசானிடம் கற்றீர்கள் என்று மரியாதையோடு கேட்டுப்பாருங்கள். கிடைத்த பதிலைக் கீழே எழுதுங்கள். ஹைனானீஸ் பூசாரிகளைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ செய்யும்போது அவை எனக்கு மிகவும் உதவும்.