பேச்சுவார்த்தை அறைக்கு வெளியே ஒரு சட்டப்பிரிவு

அன்பான நேயர்களுக்கு என் வணக்கம். 2025 ஆகஸ்ட் 16ஆம் திகதி அதிகாலை எயார் கனடாவின் விமானப் பணியாளர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதையும், அதனால் நம்மவர் பலரின் கோடைப் பயணங்கள் குலைந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எல்லோரும் பேசியது சம்பளத்தைப் பற்றி. நான் பேச வந்திருப்பது, அந்தச் சம்பளத்தைப் பற்றி இரு தரப்பும் எப்படிப் பேசின என்பதைப் பற்றி.

ஆனாலும் கோரிக்கையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் விமானம் ஏறும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மேல்தட்டில் பை கொள்ளவில்லை என்று ஒருவர் நடுவழியில் நிற்பார். சக்கர நாற்காலியில் வந்த பாட்டியைக் கைபிடித்து இருத்த வேண்டும். தாயும் பிள்ளையும் வெவ்வேறு வரிசையில் அகப்பட்டிருந்தால், மூன்றாமவர் ஒருவரிடம் கெஞ்சி இடம் மாற்ற வேண்டும். இத்தனையையும் செய்கிறவருக்கு அப்போது அந்த நேரத்துக்கு மணிக்கூலி இருக்கவில்லை. விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் கூலிக் கணக்கு ஓடியது. பத்தாண்டுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் அந்த மார்ச் மாதம் முடிந்தபோது, இதை மாற்ற வேண்டும் என்று அவர்களின் சங்கமான கனேடியப் பொது ஊழியர் சங்கம் கேட்டது. நான்கு ஆண்டுகளில் சம்பளம், சலுகைகள், ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து 38 சதவீத உயர்வும், தரையில் செய்யும் வேலைக்குப் பாதிக் கூலியும் தருவதாக நிர்வாகம் சொன்னது. விலைவாசிக்கு அது ஈடாகாது என்று சங்கம் மறுத்தது. இதுவரை நடந்தது வழக்கமான பேரம்தான்.

இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு பேசி, உடன்பாட்டுக்கு வர இயன்ற முயற்சியெல்லாம் எடுக்க வேண்டும் என்று கனடாவின் தொழிற்சட்டம் விதிக்கிறது. அதே சட்டத்தின் 107ஆம் பிரிவைக் கையிலெடுத்து, தொழில் அமைதியின் பேரால் அமைச்சர் தலையிடலாம். 2024இல் ரயில், துறைமுக, அஞ்சல் ஊழியர்களை வேலைக்குத் திருப்பியதும் இதே பிரிவுதான். அமைச்சர் வருவார் என்று நம்பியே நிர்வாகம் மேசையில் அசையாமல் இருந்தது என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. பேச்சு முறிந்துவிட்டது, பயணிகளைக் காக்க நடுவர் தீர்ப்பே வழி என்பது நிர்வாகத்தின் பதில். வேலைநிறுத்தம் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகுமுன் வேலைவாய்ப்பு அமைச்சர் பட்டி ஹைடு (Patty Hajdu) 107ஐப் பிரயோகித்து, ஊழியர்களை வேலைக்குத் திருப்பும்படி கனடாவின் தொழிலுறவு வாரியத்தைப் பணித்தார். 107 நடைமுறைப்படுத்தப்படும் என்றே தாங்கள் எண்ணியிருந்ததாகத் தலைமை நிர்வாகி மைக்கேல் ரூசோ தொலைக்காட்சியில் கூறியதைக் கேட்ட பிறகு, சங்கத்தின் குற்றச்சாட்டை வெறும் சந்தேகம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. வேலைக்குத் திரும்பும்படி உத்தரவிட்ட தொழிலுறவு வாரியத்தின் தலைவரும் முன்னர் எயார் கனடாவில் சட்ட ஆலோசகராக இருந்தவர் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன். ஒதுங்கிக்கொள்ளும்படி சங்கம் கேட்டும் அவர் ஒதுங்கவில்லை.

சங்கம் உத்தரவுக்குப் பணியவில்லை. வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்று 18ஆம் திகதி வாரியம் அறிவித்தபோது, சிறைக்குப் போகவும் தயார் என்றார் சங்கத்தின் தேசியத் தலைவர் மார்க் ஹான்காக். அன்றிரவே நடுநிலையாளர் வில்லியம் கப்லான் முன்னிலையில் இரு தரப்பும் மேசைக்கு வந்தன. மறுநாள் விடிவதற்குள் உடன்பாடு எட்டப்பட்டது. மாதக்கணக்கில் முடியாத பேச்சு ஓர் இரவில் முடிந்தது. திரும்பவும் சொல்கிறேன்: 107 தங்களைக் காப்பாற்றாது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்த பிறகுதான் அது முடிந்தது.

எனக்குத் தரப்பட்ட நேரம் நெருங்கிவிட்டது. 2024இல் வெஸ்ட்ஜெட் என்ற இன்னொரு கனேடிய விமான நிறுவனத்தின் இயந்திரப் பணியாளர் விடயத்தில் 107 என்ன பாடுபட்டது என்று விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். எயார் கனடா உடன்பாட்டின் சம்பளப் பகுதியை வாக்களித்த உறுப்பினர்களில் 99.1 சதவீதத்தினர் நிராகரித்தனர். ஆனால் மீண்டும் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று இரு தரப்பும் முன்பே ஒத்துக்கொண்டிருந்ததால், அந்தப் பகுதி மட்டும் மத்தியஸ்தத்துக்கும், அதிலும் தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்கும் போவதென்று ஆயிற்று. வணக்கம்.