தளிருக்கு எந்தப் பச்சை?

வணக்கம் நேயர்களே. மரம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குப் பங்குனி, சித்திரையை விட நல்ல காலம் கிடையாது. இந்த வெயிலிலா என்று கேட்பீர்கள். இந்த வெயிலில்தானே புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதுசு விடுகிறது, அரச மரம் தளிர்க்கிறது, சரக்கொன்றை பூக்கிறது! காலையில் வெயில் ஏறுமுன் தெருமுனைக்குப் போனால் போதும்.

வாட்டர் கலர் பெட்டி வாங்கியதும் பலரும் பச்சை டியூபைத் திறந்து மரம் முழுக்க அப்பிவிடுகிறார்கள். அந்தப் பச்சையைக் கொஞ்ச நாள் மூடியே வையுங்கள். எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், இன்றும் திரும்பச் சொல்வேன்.

என்னிடம் வரையப் பழக வந்த ஓர் அம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாப் அரச மரத்தை வரையச் சொன்னேன். பச்சையைக் குழைக்க ஆரம்பித்தார். கீழே கிடந்த தளிர் ஒன்றை எடுத்து அவர் தாள்மேல் வைத்தேன். பளபளவென்று செம்பு நிறம், ஓரத்தில் இளஞ்சிவப்பு, நீண்ட நுனி. பச்சை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. "கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இந்த மரத்தடியிலதான் சார் பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்றார். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பில் கொஞ்சம் ரோஸ், நிறையத் தண்ணீர். தளிருக்குப் பக்கத்திலேயே தீற்றிப் பார்த்துப் பார்த்து அந்த நிறத்தைப் பிடித்துவிட்டார். அப்புறம் வகுப்புக்கு வரும்போதெல்லாம் செய்தித்தாளில் சுற்றி மாந்தளிர், வேப்பங்கொழுந்து என்று ஏதாவது கொண்டுவருவார். இளந்தளிரில் பச்சையம் இன்னும் நிறைந்திருக்காது. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி முந்திக்கொள்ளும். மரம் சிவப்பாகத்தான் வசந்தத்தைத் தொடங்குகிறது, பாருங்கள்.

சரி, புங்கை? அதன் புது இலை கண் கூசுகிற இளம்பச்சை. நிறைய லெமன் மஞ்சள் எடுத்து, பிரஷ் நுனியால் துளி அல்ட்ராமரைன் நீலத்தைத் தொட்டுச் சேருங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் மஞ்சள் தீருமே தவிர இளம்பச்சை வராது. முற்றிய இலைக்கு நீலம் கூடுதல், மங்கலாக்கத் துளி பர்ன்ட் சியன்னா. ஆக, ஒரே மரத்துக்கு மூன்று நான்கு பச்சை உங்கள் கையாலேயே கிடைத்துவிட்டது. டியூப் இன்னும் மூடித்தான் இருக்கிறது!

இலை இலையாகப் போட வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலைகள் மறைந்து வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மிஞ்சும். அவற்றைப் போட்டால் மரம் வந்துவிடும். இடையிடையே வானம் தெரிகிற சந்துகளை அடைத்துவிடாதீர்கள், மரம் மூச்சுவிட வேண்டும்.

வாட்டர் கலரில் வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. கொன்றையின் மஞ்சளை முதலிலேயே போட்டுக் காயவிட்டு, சுற்றிலும் பச்சையைக் கொண்டுவாருங்கள். காய்ந்த பச்சைமேல் மஞ்சள் வைத்தால் எடுபடாது.

நிழலைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனில் பர்ன்ட் சியன்னா கலந்தால் சாம்பல் நீலம் வரும், அதை மரத்தடியில் ஒரே வீச்சில் போடுங்கள். புங்கம்பூ உதிர்ந்து கிடக்கிற இடத்தில் தாளை வெறுமனே விடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம் இருக்கட்டும், மெல்லிசு என்றால் தண்ணீர் பட்டதும் நெளியும். நன்றி, வணக்கம்.