பங்குக் கிணறும் பத்து ரூபாய் வைஃபையும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1990-களில் திருப்பூரில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவன் நான். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர், பேசி முடித்ததும் பில் அடித்துத் தள்ளும் சின்ன பிரிண்டர். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பகலில் பனியன் கம்பெனிக்காரர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பேசுவார்கள். ராத்திரி ஏற ஏறக் கட்டணம் குறையும், பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். நிஜமான கூட்டம் அப்போதுதான் வரும். ஷிப்ட் முடித்தவர்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட்டு வைங்க, அஞ்சு நிமிஷத்துல மறுபடி பேசறேன்" என்று சொல்லிவிட்டு, பூத் வாசலில் காத்து நிற்பார்கள்.

ஒரு தெருவுக்கே போன் இல்லாத காலத்தில், ஒற்றை லைனை ஒரு கடையில் வைத்து எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த ஏற்பாடு அது. அரசுக்கு வருமானம், கடைக்காரருக்குக் கமிஷன், தெருவுக்குப் போன். மாற்றுத்திறனாளிகள் எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடிக் கூண்டை வைத்தே குடும்பத்தைக் கரை சேர்த்தார்கள். அதே வேலையை இன்றைக்கு இணையத்தை வைத்துச் செய்யலாம். சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. இது தெரிந்த கடைக்காரர்கள் குறைவாக இருக்கிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் பங்குக் கிணறு என்று உண்டு. ஒரு கிணறு, நாலு பங்காளிகள். இன்னார்க்கு இன்ன நாள் முறை என்று வைத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுவார்கள். நாலு பேரும் நாலு கிணறு வெட்டினால் நாலு பேருக்கும் கடன்தான் மிஞ்சும். வீட்டுக்கு வருகிற ஃபைபர் லைனும் ஏறக்குறைய அப்படித்தான். 100 எம்பிபிஎஸ் வேகம் என்று வாங்குகிறோம். ஒரு ஆள் வீடியோ பார்க்க 5 எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும். எல்லோரும் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் அந்த லைன் சும்மாதான் கிடக்கிறது. ஊறிக்கொண்டே இருக்கிற கிணற்றைப் பூட்டி வைத்த மாதிரி. இன்னொன்றும் கவனியுங்கள்: 20 பேர் ஒரு லைனில் இருந்தால், 20 பேரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு வீடியோ இறங்கும். பங்கு போட்டு விற்பதில் லாபம் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

இந்த லாபத்தை முதலில் பெரிய அளவில் தொழிலாக்கப் பார்த்தவர்களில் ஒருவர் மார்ட்டின் வர்சாவ்ஸ்கி. அர்ஜென்டினாவில் பிறந்து ஸ்பெயினில் தொழில் செய்தவர். 2005-இல் மாட்ரிட் நகரில் ஃபான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கூகுளும் ஸ்கைப்பும் அதில் பணம் போட்டன. யோசனை ரொம்ப எளிது. உன் வீட்டு வைஃபையில் ஒரு பகுதியை வழிப்போக்கருக்குத் திறந்து வை; நீ வெளியூர் போகும்போது மற்ற உறுப்பினர்களின் வைஃபை உனக்கு இலவசம். இப்படிக் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு லினஸ் என்று பெயர் வைத்தார்கள். தன் வைஃபைக்குக் காசு வேண்டும் என்று கேட்கிறவர் பில். எதையும் பகிராமல் காசு கொடுத்து மட்டும் பயன்படுத்துகிறவர் ஏலியன். லினக்ஸ் மென்பொருளை இலவசமாகப் பகிர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மென்பொருளைக் காசுக்கு விற்ற மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் இருவரையும் நினைத்து வைத்த பெயர்கள். வீட்டு வைஃபை ஒன்று, வெளியாருக்கான வைஃபை ஒன்று என இரண்டையும் பிரித்துக் கொடுக்கிற சின்ன ரூட்டரையும் மிக மலிவாகக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு சுவர் குறுக்கே நின்றது. வீட்டுக்கு லைன் கொடுக்கிற நிறுவனங்கள் பல, இதை வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தன. அவர்களை ஒதுக்கிவிட்டு ஃபானால் வெகுதூரம் போக முடியவில்லை. 2007-இல் பிரிட்டனின் பிடி என்ற தொலைபேசி நிறுவனத்தோடு கைகோத்த பிறகுதான் அங்கே வீடு வீடாகப் பரவியது. எனக்கு இதில் கிடைத்த பாடம் ஒன்றுதான். பகிர்வதற்கு ஜனங்கள் தயாராகவே இருக்கிறார்கள். லைன் போடுகிறவன் சம்மதிக்க வேண்டும், அல்லது சட்டம் அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

நம் நாட்டில் சட்டத்தின் வழியைத்தான் எடுத்தார்கள். 2017-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பழைய பிசிஓ என்ற பொதுத் தொலைபேசிக் கடை போலவே பொது வைஃபைக் கடைகள் வரலாம் என்று பரிந்துரைத்தது. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற பொது வைஃபைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இதில் கடைக்காரருக்குப் பிடிஓ, அதாவது பொது டேட்டா கடை, என்று பெயர். டீக்கடை, மளிகைக்கடை, சலூன், யார் வேண்டுமானாலும் ஆகலாம். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், அரசுக்குக் கட்டணமும் வேண்டாம். கடைக்காரருக்கு மேலே, பல கடைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துகிற பிடிஓஏ என்று ஒரு நிறுவனம் இருக்கும். யார் உள்ளே வந்தார், எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு கட்டினார் என்ற கணக்கு அவர்கள் பொறுப்பு. வாடிக்கையாளர் போனில் ஒரு ஆப் போட்டு, ஒருமுறை ஓடிபி கொடுத்தால் போதும். பக்கத்தில் எந்தெந்தக் கடையில் வைஃபை இருக்கிறது என்று அதுவே காட்டும்.

"இதுக்கு எதுக்குங்க இவ்வளவு சுத்து, பாஸ்வேர்டைச் சொல்லிட்டாப் போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள லைனில் எவனோ ஒருவன் தப்புக் காரியம் செய்தால், போலீஸ் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். நான் பூத்தை மூடியபின் கொஞ்ச காலம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வருகிறவரிடம் அடையாள அட்டை வாங்கி, பேரேட்டில் நேரம் எழுதி, அந்தப் பதிவை ஒரு வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். வாணியில் ஒவ்வொருவரும் தன் சொந்த எண்ணில் உள்ளே வருகிறார். பதிவும் தானாக நடக்கிறது. கடைக்காரர் நிம்மதியாகப் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி ஒரு கடையின் கதை. எங்கள் பகுதியில் லைன் வீடுகள் அதிகம். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர், ஐந்து பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு மளிகைக்கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. கடன் நோட்டில் இந்திப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருப்பார். போன வருஷம் அவருக்கு நான்தான் ரூட்டர் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு பத்து ரூபாய், வாரத்துக்கு ஐம்பது என்று விலை வைத்தோம்.

முதல் வாரம் வியாபாரம் சுத்தமாக இல்லை. நான் கவலையோடு போய்ப் பார்த்தேன். ரூட்டரைக் கடைக்குள்ளே ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார், எறும்பு ஏறக்கூடாது என்று. பகலெல்லாம் சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஷிப்ட் முடித்து வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு. அண்ணாச்சி பத்து மணிக்கு ஷட்டரை இழுத்து விடுவார். இரும்பு ஷட்டர் இறங்கினால் வைஃபை வெளியே எங்கே வரும்? அவசரத்துக்கு மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்களுக்கு வேண்டிய நேரம் பார்த்து நாங்கள் கடையை மூடி வைத்திருந்தோம். என் பூத் காலத்தில் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கூட்டம் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் ரூட்டரை வெளியே எடுத்தோம். சன்ஷேடுக்கு அடியில், மழை படாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், லைன் வீடுகளைப் பார்த்த மாதிரி வைத்தோம். கரண்ட் போனாலும் ஓட ஒரு சின்ன பேட்டரி. சுவர் தாண்டிப் போக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, வாசல் படியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். ஒருவர் போனுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாதபடி ரூட்டரில் உள்ள தடுப்பையும் போட்டோம். அதன்பின் பத்து ரூபாய்கள் வர ஆரம்பித்தன.

"எல்லார் கையிலும்தான் தினம் ஒன்றரை ஜிபி இருக்கிறதே, காசு கொடுத்து யார் வைஃபை வாங்குவார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016-இல் மொபைல் டேட்டா விலை சரிந்தபின் பொது வைஃபை செத்துப்போனது என்றே பலர் சொன்னார்கள். அந்த ஆண்டு ரயில் நிலையங்களில் இலவச வைஃபை தொடங்கிய கூகுளே, டேட்டா மலிவாகிவிட்டது என்று சொல்லி 2020-இல் விலகிக்கொண்டது. ஆனால் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் நிறுத்தவில்லை. எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்குகிற ஒருவர், அந்த வைஃபையில் பாடங்களைக் கேட்டுக்கொண்டே கேரள அரசுப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறினார். 2018-இல் வந்த செய்தி. சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு, காதில் பாடம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

2024 ஜூலையில் ரீசார்ஜ் விலை மறுபடி ஏறியது. அதற்கு மேலே, எங்கள் லைன் வீடுகளில் இருப்பது தகரக் கூரையும் நெருக்கமான சுவரும். உள்ளே டவர் எடுக்காது. ஒன்றரை ஜிபி சாயங்காலமே தீர்ந்துவிடும், வீட்டுக்கு வீடியோ கால் போடுகிற நேரம் அதற்கப்புறம்தான். வாரச் சம்பளக்காரனுக்கு முந்நூறு ரூபாயை மொத்தமாக எடுத்துக் கொடுப்பது கஷ்டம். பத்து ரூபாய் அப்படியில்லை. ஷாம்பு பாக்கெட்டைப் பாட்டிலாக வாங்காமல் ஏன் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறார்களோ, அதே காரணம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உதாரணத்துக்குத்தான். தினம் 20 பேர், ஆளுக்கு பத்து ரூபாய் என்றால் மாதம் 6,000. இதில் பிடிஓஏ தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அது அவரவர் ஒப்பந்தம். லைனுக்கு இரண்டாயிரம், கரண்டுக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் போனால், கையில் இரண்டாயிரம் சொச்சம் நிற்கும். இதை மட்டும் நம்பி யாரும் கடை போட வேண்டாம் என்பேன். ஏற்கெனவே உள்ள கடைக்கு இது உபரி. ரீசார்ஜ் செய்ய வந்தவர் பிரெட்டும் பாலும் வாங்கிக்கொண்டு போகிறார், அந்த வியாபாரம் தனி. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற பெண்கள், கேபிள் டிவி நடத்தி ஓய்ந்துபோன தம்பிகள் இதில் இறங்கலாம். கேபிள்காரர்களுக்கு ஒயர் இழுக்கவும் கம்பம் ஏறவும் தெரியும், தெருவில் எந்த வீட்டில் யார் என்பதும் தெரியும்.

நான் கணக்கில் லைனுக்கு இரண்டாயிரம் என்று சொன்னேன் அல்லவா, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. சில வருஷம் முன்பு வேறொரு கடைக்கு லைன் கேட்டு ஒரு இணைய நிறுவனத்துக்குப் போனேன். வீட்டு லைன் என்றால் ஆயிரத்துக்குள். பொது வைஃபைக்கு என்று வாயைத் திறந்ததும், பெரிய கம்பெனிகள் தனக்கென்றே எடுக்கிற லீஸ்டு லைன்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அதன் விலை டீக்கடைக்காரரின் ஒரு வருஷ வாடகையைத் தாண்டியது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தேன். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2022-க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்று 2018-இன் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை குறி வைத்தது. 2024 முடிந்தபோது வாணியில் மூன்று லட்சம்கூட வரவில்லை. லைன் விலைதான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. அன்று ஸ்பெயினில் குறுக்கே நின்ற அதே சுவர்.

2025 ஜூனில் டிராய் இதற்கு ஒரு ஆணை போட்டது. 200 எம்பிபிஎஸ் வரை உள்ள வீட்டு ஃபைபர் திட்டங்களைப் பிடிஓ கடைக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும், விலை வீட்டுக்காரருக்கு உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இரண்டு மடங்கே அதிகம் என்பேன், ஒரே விலையில் கொடுத்தால்தான் கிராமத்துக் கடைக்குக் கட்டும். ஆனாலும் பல பத்து மடங்கு கேட்ட இடத்தில் இது பெரிய மாற்றம். லைன் கேட்கப் போகிறவர்கள் இந்த ஆணையைச் சொல்லிக் கேளுங்கள். வாங்குவது வாணிக்காக என்று எழுத்தில் கொடுங்கள். மறைத்து வீட்டு லைன் என்று வாங்கிப் போட்டால் ஒருநாள் துண்டித்துவிடுவார்கள், பத்து ரூபாய் கொடுத்தவர் உங்கள் மேல்தான் கோபப்படுவார்.

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்தே முக்கால். ஷட்டர் இறங்கியிருந்தது. படியில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு போன். ஒரு பையன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரையில் அவன் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்தெருவில் இன்னும் 30 அறை இருக்கிறது, அங்கே சிக்னல் போகவில்லை என்று அண்ணாச்சி போன் செய்திருந்தார். அதனால்தான் போனேன். அங்குள்ள சலூன் மாடியில் இரண்டாவது ரூட்டர் வைக்கலாம், இடையில் 60 மீட்டர் ஒயர் வேண்டும். சலூன்காரர் மாதம் எவ்வளவு பங்கு தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.

வணக்கம்.