அச்சரக்கூட்டுக்கும் ஓர் அலுமாரி வேண்டும்

தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, சடங்கு வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, காத்தான்குடியிலிருந்து வந்த மௌலவி அவர்களே, எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த அதிபர் அம்மா அவர்களே, வணக்கம். அம்மாவைக் கும்பிடாமல் நான் எந்த மேடையிலும் வாய் திறப்பதில்லை.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: யுத்தகாலத்தில் காவலுக்கு உடம்பில் கட்டியவை, நினைவுக்கு வைத்தவை, இனி அவற்றை யார் காப்பது.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தலைப்பாகை, அம்மம்மாவின் வெள்ளி அச்சரக்கூடு, அதாவது மந்திரத் தகடு வைத்த தாயத்து. அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் செப்புத் தகட்டில் எழுதிச் சுருட்டி, மெழுகால் அடைத்துக் கொடுத்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனது. கூடு கழுத்தில் கிடந்தது. 1990இல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குத் தோணியில் ஓடினோம். நடு வாவியில் ஹெலி வந்து சுற்றியது. அம்மம்மா எங்களைப் படுக்கவைத்து மேலே பாயை இழுத்துப் போட்டா. கூட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணகி அம்மனை நினைத்துக் குந்தியிருந்தா. தோணியின் முனையில் சூடு பட்டுப் பலகை பிளந்தது. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை! கரை சேர்ந்ததும் தோணிக்காரர் இதே பழமொழியைத்தான் சொன்னார். அம்மம்மாவின் பல் அடையாளம் இன்றும் அந்த வெள்ளியில் இருக்கிறது. அப்புறம் அகதி முகாமில் அரிசிக்காகத் தோடு போனது, காப்பு போனது. கூடு மட்டும் அடகுக்குப் போகவில்லை. நம் ஊர் வழக்கப்படி வீடு வளவோடு தாய்வழியில் அம்மாவுக்கு வந்து, இப்போது மூத்த மகள் என்னிடம் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் தலைப்பாகையோடு போகவில்லை. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். பல தாய்மாரிடம் மிஞ்சியது ஓர் அடையாள அட்டைப் பிரதி, ஒரு சாரம். எங்கள் கூட்டை நகை செய்யும் பத்தர் திறந்தபோது தகட்டோடு ஒரு காகிதம் இருந்தது: காணாமல் போன மாமாவுக்காகச் செஞ்சிலுவையில் பதிந்த துண்டு. வியர்வையில் மை முழுதும் அழிந்துவிட்டது.

இரண்டாவது விஷயத்துக்கு நேரம் போதாது, மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் பொது நூலகத்தில் ஓர் அறை, ஓர் அலுமாரி, ஒரு ஸ்கேனர் வேண்டும். பொருளை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். படம் எடுத்து, யார் கட்டியது, எங்கே காத்தது என்று எழுதிக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடலாம். காத்தான்குடித் தாய் பிள்ளைக்கு ஓதிக் கட்டிய நூலுக்கும் அங்கே இடம் இருக்கவேண்டும். வாவியின் உப்புக் காற்று நம் கூட்டங்கள் முடியும்வரை காத்திருக்காது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. பிரதேச செயலாளர் அவர்கள் முதல் கையெழுத்து இட்டால், நாங்கள் பின்னால் வரிசையில் நிற்கிறோம்.